எட்டாவது நிமிடம்: எங்கள் ஊர்ப் பொங்கல் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் குழுவினருக்கு,

உங்களில் பாதிப் பேர் எனக்கு மாமன் முறை. மீதிப் பேர் அண்ணன், சித்தப்பா. நேரில் வந்து பேசினால், "சரி விடும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை அந்த டீயைக் குடித்துவிட்டேன். அதனால்தான் இந்த முறை எழுதுகிறேன், நாலு பேர் படிக்கிற மாதிரி.

போன காணும் பொங்கல் அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. நீங்கள் அச்சடித்த நோட்டீஸ் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. காலையில் பெண்களுக்குக் கோலப்போட்டி, பிறகு லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர். மதியம் 3 மணிக்கு 'மகளிர் கபடி'. அந்த ஒரு வரிக்காக என் அக்கா மகளும் அவள் கூட்டாளிகளும் அரையாண்டு விடுமுறை முழுக்க ஏரிக்கரையில் விழுந்து புரண்டார்கள். முழங்கை தேய்ந்து, மஞ்சள் பூசிக்கொண்டு திரிந்தார்கள்.

3 மணி ஆட்டம் நாலேகாலுக்கு ஆரம்பித்தது. பெண்கள் கபடியில் ஒரு பாதிக்கு 15 நிமிடம், அப்படி இரண்டு பாதி. எட்டாவது நிமிடத்தில் மைக்கில் குரல் வந்தது: "தங்கச்சிங்களா, சீக்கிரம் முடிங்கம்மா, ஆர்கெஸ்ட்ரா சேர் போடணும்." அவ்வளவுதான். ஸ்கோர் 9க்கு 7. இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்து, கைதட்டி, களத்தைக் கலைத்தீர்கள்.

நான் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைங்க ஆட்டத்த யாரும்மா நின்னு பாக்கறாங்க?" என்றார் மாமா ஒருவர். பக்கத்திலிருந்த அண்ணன், "டி.வி.ல வருமே பொம்பள குஸ்தி, அது மாதிரின்னா பாப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள்.

அண்ணா, அந்தப் பொம்பளை குஸ்தியை உங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தவள் நான். மறந்துவிட்டீர்களா? நம் தெருவில் முதலில் கேபிள் வந்தது எங்கள் வீட்டில். டென் ஸ்போர்ட்ஸ் வந்த புதிது. தர்மபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி தனியாகப் பிரிவதற்கு முந்திய காலம். மாங்காய் மண்டி வேலை முடிந்து, கையில் பால் பிசுக்கோடு வந்து உட்காருவீர்கள். சட்டைப் பையில் மல்லர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு கட்டு இருக்கும். அண்டர்டேக்கரின் உயரம், எடை, ரேங்க் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். திரையில் பெண்கள் மோதும் நேரம் வந்தால் பாதிப் பேர் ஒன்றுக்குப் போக எழுந்திருப்பீர்கள். மீதிப் பேர் விசிலடிப்பீர்கள். உங்களுக்கு அது இடைவேளை.

நான் அசையாமல் இருப்பேன். எனக்கு ட்ரிஷ் ஸ்ட்ராடஸைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கிண்டலுக்கு எடுத்துக்கொண்ட அந்த உதாரணத்தை நான் நிஜமாகவே எடுத்துப் பேசுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ட்ரிஷ் கனடாக்காரி. நம் தமிழ்ச் சனம் ஏராளமாக வாழும் டொரன்டோதான் அவருக்கும் ஊர். டாக்டராக வேண்டும் என்று யார்க் பல்கலைக்கழகத்தில் உயிரியலும் உடலியக்கவியலும் படித்துக்கொண்டிருந்தார். 1997ல் அங்கே ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். வகுப்பு இல்லை. சும்மா இருப்பானேன் என்று ஒரு ஜிம்மில் வரவேற்பாளர் வேலைக்குச் சேர்ந்தார். உடற்பயிற்சிப் பத்திரிகை நடத்துகிறவர் கண்ணில் பட்டு, ஃபிட்னஸ் மாடலானார். அட்டைப்படங்களில் வந்தார். 1999 கடைசியில் அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப்., பின்னால் டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயர் கொண்ட அந்த டி.வி. குஸ்திக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது.

மாடல் என்றதும் இங்கே சிலர் முகம் சுளிப்பது தெரியும். காவேரிப்பட்டணம் ரோட்டில் ஜவுளிக்கடை ஃப்ளெக்ஸில் பட்டுப்புடவையோடு சிரிக்கிற பெண்ணும் மாடல்தானே மாமா? அதைப் பார்த்துத்தானே அத்தைக்குப் புடவை எடுத்தீர்கள்? அதிலும் ஃபிட்னஸ் மாடல் என்றால் வெறும் முகலட்சணம் போதாது. தினமும் எடை தூக்கி, வாயைக் கட்டி வளர்த்த உடம்புதான் அங்கே முதலீடு.

சரி, கம்பெனி அவரை எதற்கு எடுத்தது? சண்டை போட அல்ல. 2000ல் இரண்டு ஆண் மல்லர்களுக்கு மேனேஜர் வேடத்தில், கௌபாய் தொப்பி வைத்து, ஓரமாக நின்று சிரிக்க. நம் மேடையில் பொன்னாடைத் தட்டு ஏந்தி நிற்கப் பெண் பிள்ளைகளைக் கூப்பிடுகிறீர்களே, ஏறக்குறைய அந்த வேலை.

ஆனால் அந்தப் பெண் திரையில் வருவதற்கு முன்பே டொரன்டோவில் ஒரு பழைய ஜிம்மில் போய் விழக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். ஆமாம், விழத்தான். அந்தத் தொழிலில் முதல் பாடம் அடிப்பது இல்லை. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் படாமல், மேல்முதுகு முழுக்கச் சமமாக இறங்க வேண்டும். இரண்டு கையாலும் தரையை அறைந்து, மூச்சை வெளியே விட வேண்டும். மெத்தை மாதிரித் தெரிகிற அந்த ரிங், இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடுக்கி, மெல்லிய ஃபோமும் கேன்வாஸும் விரித்தது. ராத்திரிக்கு ராத்திரி அதில்தான் விழுகிறார்கள்.

"அதெல்லாம் பொய்ச் சண்டை" என்பீர்கள். முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான், நான் மறுக்கவில்லை. நம் திரௌபதி அம்மன் கோவில் பாரதத்தில் பதினெட்டாம் நாள் போரில் துரியோதனன் தொடை பிளக்கும் என்று யாருக்குத் தெரியாது? மண்ணில் அவ்வளவு பெரிய துரியோதனனைச் செய்து படுக்க வைத்துவிட்டுத்தான் கூத்தையே ஆரம்பிக்கிறோம். இருந்தும் பாஞ்சாலி கூந்தல் முடிகிறபோது நம் பெரியம்மாக்கள் அழுகிறார்கள். படுகளத்து வெயிலில் வேஷம் கட்டி ஓடுகிறவரின் கால் கொப்புளம் பொய்யா? ட்ரிஷின் முதுகெலும்பில் வட்டு பிதுங்கியதும் அப்படித்தான் நிஜம். அதிலிருந்து தேறி எழ அவருக்குக் கைகொடுத்தது யோகா. பின்னால் 2008ல் டொரன்டோவில் சொந்தமாக யோகா மையமே திறந்தார். (நம் கூத்தில் பாஞ்சாலி வேஷம் இன்னும் பெரும்பாலும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.)

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 2001 மார்ச் மாதம் ஒரு ராத்திரி, கம்பெனி முதலாளி தானே ரிங்குக்குள் நின்று, ட்ரிஷை மண்டியிட வைத்து, நாய் மாதிரிக் குரைக்க வைத்தார். கதைக்காக என்றார்கள். அடுத்த மாதம் ரெஸில்மேனியாவில், அதாவது கம்பெனியின் வருஷாந்திரப் பெரிய விழாவில், அவர் முதலாளியைக் கன்னத்தில் அறைந்து கணக்கைத் தீர்ப்பது போலக் காட்டினார்கள். எனக்கு அந்தக் கணக்கு தீரவில்லை. அந்தக் காட்சியை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. பெண்கள் சண்டை என்ற பெயரில் துணியை உருவுகிற போட்டிகளும் அப்போது நடந்தன. ஆகவே அந்தக் கம்பெனியை நல்ல உதாரணமாக நான் கொண்டுவரவில்லை. அந்த இடத்தில் கிடைத்த இரண்டு மூன்று நிமிடங்களை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்கிறேன்.

அதே வருஷம் கணுக்கால் அடிபட்டு மாதக்கணக்கில் ஒதுங்கினார். நவம்பரில் திரும்பி வந்த ராத்திரியே ஆறு பேர் மோதிய ஆட்டத்தில் பெண்கள் சாம்பியன் ஆனார். ஜாஸ், விக்டோரியா, மிக்கி ஜேம்ஸ், லீட்டா என்று தேர்ந்த ஆட்டக்காரிகளோடு வருஷக்கணக்கில் மோதி மோதித் தொழிலைக் கற்றார். 2004 டிசம்பர் 6 அன்று, வாரா வாரம் வரும் 'ரா' நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம், அதாவது அன்றைக்கு முக்கிய ஆட்டம், ட்ரிஷும் லீட்டாவும். லீட்டா கயிற்றுக்கு நடுவே வெளியே பாய்ந்து கழுத்து மடங்க விழுந்தார், பார்த்த எனக்குக் கழுத்து சுளுக்கியது. எழுந்து வந்து ஆட்டத்தை முடித்தார், ஜெயித்தார். அன்று நீங்கள் யாரும் ஒன்றுக்குப் போகவில்லை அண்ணா. நான் கவனித்தேன்.

2006 செப்டம்பரில் சொந்த ஊர் டொரன்டோவில், அதே லீட்டாவை வென்று, ஏழாவது முறை சாம்பியனாகி, பட்டத்தோடு ஓய்வு பெற்றார். 2013ல் 37 வயதில் ஹால் ஆஃப் ஃபேம். அதுவரை அந்தக் கௌரவம் பெற்றவர்களில் அவர்தான் இளையவர்.

இத்தோடு கதை சுபம் என்று நிறுத்தலாம். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இனிமேல்தான் வருகிறது. ட்ரிஷ் போய் எட்டு வருஷத்துக்கு மேல் கழித்து, 2015 பிப்ரவரியில், அதே 'ரா'வில் நாலு பெண்கள் மோதிய ஆட்டத்துக்குக் கிடைத்த நேரம் சுமார் 30 விநாடி. முன்னால் ஒருத்தி அவ்வளவு பாடுபட்டு வாங்கிய நேரம் எங்கே போனது? ஒரு தடவை கொடுத்தால் போதும், அது தானாக நிலைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நிலைக்காது. நோட்டீஸில் வருஷா வருஷம் எழுதி, மைக்காரரிடம் வருஷா வருஷம் சொல்லி வைக்க வேண்டும். அந்த 30 விநாடியைப் பார்த்துக் கொதித்தவர்கள் இணையத்தில் கிளப்பிய கூச்சலில்தான் கம்பெனிக்குக் காது கேட்டது. 2016ல், பெண் ஆட்டக்காரிகளுக்கு வைத்திருந்த 'திவா' என்ற பெயரைத் தூக்கினார்கள். 2019 ஏப்ரலில் ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டத்தை முதல்முறையாக மூன்று பெண்கள் ஆடினார்கள். இரண்டு பிள்ளைகள் பெற்ற ட்ரிஷும் திரும்பி வந்தார். 47 வயதில் பெக்கி லிஞ்சோடு இரும்புக் கூண்டுக்குள் மோதினார். 2025 ஜூலையில், 49 வயதில், சாம்பியன் பட்டத்துக்கே மோதித் தோற்றார். நம் ஊரில் 49 வயதுப் பெண்ணிடம் முட்டி வலிக்குத் தைலம் எது என்றுதான் கேட்போம்.

உடை பற்றி ஒரு பெரியவர் கேட்டார். அரைக்கால் சட்டையில் வயசுப் பிள்ளைகள் ஆடலாமா என்று. ஹரியானாவின் கவிதா தேவியைச் சொல்கிறேன். 2016 தெற்காசிய விளையாட்டில் பளுதூக்கலில் தங்கம் வாங்கியவர். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர். டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சண்டை போட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். 2017ல் அவர் அந்த ரிங்கில் இறங்கியது சல்வார் கமீஸில். ஆகவே எது உடுத்துவது என்பதை ஆடுகிற பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். அதற்கும் முன்னால், 1954ல், பரோடாவில் ஹமீதா பானு என்ற பெண் ஒரு ஆண் பயில்வானை 1 நிமிடம் 34 விநாடியில் மல்லாத்தியிருக்கிறார். அதைத்தான் சீக்கிரம் முடிப்பது என்று சொல்ல வேண்டும். நீங்கள் செய்தது வேறு.

எருது விடும் விழாவுக்கு வருவோம். எனக்கும் காளை பிடிக்கும், தாத்தா வளர்த்தவர். ஒரு காளை தூரத்தைக் கடந்த நேரத்தை விநாடிக்குக் கீழேயும் பிரித்து அளக்கிறீர்கள். பாயின்ட் ரெண்டு, பாயின்ட் மூணு என்று தகராறு வந்து, ராத்திரி பத்து மணிக்கு வீடியோ போட்டுப் பார்க்கிறீர்கள். இவ்வளவு கறாராக நேரம் பார்க்கத் தெரிந்த குழுவுக்கு, பிள்ளைகளின் 30 நிமிடம் எப்படி எட்டு நிமிடமாகத் தெரிந்தது? மாங்காய் சீசனில் இதே பிள்ளைகள் அம்மாக்களோடு கிரேட் தூக்குகிறார்கள். அதை யாரும் பாதியில் நிறுத்தச் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மகளிர் கபடி மாலை 6 மணிக்கு, லைட் போட்டு, ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நடக்கட்டும். முழு 30 நிமிடம். சிறப்பு விருந்தினர் நடுவில் வந்தால் அவரும் உட்கார்ந்து பார்க்கட்டும், பொன்னாடை எங்கேயும் ஓடிவிடாது. பரிசு, ஆண்கள் அணிக்கு என்ன தொகையோ அதே தொகை. டிபன் பாக்ஸ் வேண்டாம், எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அப்புறம் ஒன்று. பிள்ளைகளுக்குக் குஸ்தியும் கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது. சொல்லித்தர ஆள் தேடுவது என் பொறுப்பு. கோவில் பின்னால் இருக்கும் ஷெட்டை வாரம் இரண்டு நாள் சாயங்காலம் திறந்துவிட்டால் போதும். சாவி மாமாவிடம்தான் இருக்கிறது.

போன முறை இரண்டு அணியையும் மைக்கில் 'தங்கச்சிங்க' என்றே மொத்தமாகக் கூப்பிட்டீர்கள். காளைகளைக்கூட ஊர், உரிமையாளர் பெயர் சொல்லித்தான் அவிழ்த்துவிடுகிறீர்கள். இந்த முறை பதினான்கு பிள்ளைகளின் பெயரையும் இனிஷியலோடு எழுதி, மார்கழி பிறப்பதற்குள் உங்கள் கையில் கொடுக்கிறேன். வாசிக்கப் போகிறவரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன வருஷம் நிறுத்திய இடத்தில் ஸ்கோர் 9க்கு 7, பிள்ளைகள் அங்கிருந்துதான் தொடர்வோம் என்கிறார்கள்.

இப்படிக்கு,
மண்டிக்காரர் வீட்டு இரண்டாவது பெண்