பென்சிலால் சுழித்தது

கோபிசெட்டிபாளையம்
ஆடி 26

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இங்கே தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் போகிறது, நடவுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி சுகம்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் இரண்டு நாளாக மனசைவிட்டுப் போகவில்லை. மோட்டாருக்குக் காயில், அதுதான் செம்புக் கம்பிச் சுருள், கட்ட ஆள் கேட்டிருந்தாய். வந்த பையன் 'வின்னப்பம்' என்றும் 'நாண்கு வருசம் அனுபவம்' என்றும் எழுதியிருந்தானாம். நாலு எழுத்து ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு மூளை எங்கே இருக்கப்போகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டாயாம். அதே பக்கத்தில் நீ 'முயற்ச்சி' என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருஷம் அச்சாபீசில் புரூப் பார்த்துப் பிழை திருத்திய கை, தன்னாலே பென்சிலை எடுத்துச் சுழித்துவிட்டது. கோவிச்சுக்காதே.

அச்செழுத்துக் கோக்கும் எங்கள் கம்போசிட்டர் அண்ணனை ஞாபகம் இருக்கிறதா? மூன்றாங்கிளாஸோடு நின்றவர். ஈய எழுத்தை இடவலம் மாறியே வாசிப்பார். ஒரு கல்லூரி வாத்தியார் பௌதிகப் புத்தகம் கொண்டுவந்தார். அவர் கைப்பிரதியில் பக்கத்துக்குப் பத்துப் பிழை. அண்ணன் கோத்த அச்சுப் பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது. "இதுல என்னண்ணா சொல்லியிருக்குது?" என்று கேட்டேன். "அது நமக்கெதுக்குங்க தம்பி, எழுத்து சரியா இருக்குதான்னு பாருங்க" என்றார். பௌதிகம் தெரிந்தவருக்கு எழுத்து வரவில்லை, எழுத்து வந்தவருக்குப் பௌதிகம் வேண்டியிருக்கவில்லை. யாரை மக்கு என்பாய்?

அந்த அண்ணனும் ஒரு வைகாசி முகூர்த்த நெருக்கடியில், நடுராத்திரித் தூக்கக் கலக்கத்தில், கல்யாணப் பத்திரிகையில், சீர் செய்து வைக்கும் பெரியவருக்குப் போடும் 'அருமைக்காரர்' என்பதை 'எருமைக்காரர்' ஆக்கிவிட்டார். ஐந்நூறு பத்திரிகையையும் நான் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் மட்டும், "எருமையாச்சும் பாலு கறக்குமுங்க, உடுங்க" என்று சிரித்தார்.

யோசித்துப் பார். நம் பேச்சில் ர, ற இரண்டும் காதுக்கு ஒன்றுதான். ந, ன கூட அப்படியே. எது எங்கே வரும் என்பது காது சொல்லித் தெரிவதில்லை. கண் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். வீட்டில் நாலு புத்தகம் கிடந்தவனுக்கு அது தானாக வரும். அந்தப் பையன் வீட்டில் என்ன கிடந்ததோ. எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், காலண்டர் தாளில் 'மஞ்சல் 12 மூட' என்றுதான் எழுதுவார். மண்டிக்காரர் கணக்கில் ஒரு கிலோ குறைந்தாலும் அவரிடம் தப்பாது.

முழங்கால் நன்றாயிருந்த காலத்தில் நாம் அறச்சலூர் மலைக் குகைக்கு ஏறினோமே, அந்த இசைக் கல்வெட்டில் 'எழுத்தும் புணருத்தான்' என்று வெட்டியிருக்கிறது. 'புணர்த்தான்' என்றல்லவா இருக்க வேண்டும் என்று நீதான் அங்கே நின்று சொன்னாய். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேலே முன்னால் 'த தை தா' என்று தாளக் கட்டைக் கட்டம் போட்டு, மேலிருந்து கீழே படித்தாலும் ஒத்துவரும்படி அடுக்கியவர்களை, அந்த ஓர் உகரத்துக்காக நீ வேலைக்கு எடுத்திருக்க மாட்டாய்.

சரி என்பதும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஈரோட்டுப் பெரியார் 1935-லேயே குடி அரசில் எழுத்தைச் சீர்திருத்தி அச்சடித்தார். அதற்கு அரசாணை வந்தது 1978-ல். யானைத் தும்பிக்கை போலச் சுழி வைத்த பழைய லை, ணை அச்சுகளை நான்தான் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்தேன். அம்மாவைப் பெற்ற அப்பிச்சி கடைசிவரை தும்பிக்கையோடுதான் எழுதினார். இன்றைக்கு என் பேத்தி அதைப் பார்த்தால் தப்பென்றுதான் சொல்வாள்.

புரூப் பார்க்கிற வேலைக்கு அவன் வந்திருந்தால் நானே வேண்டாமென்பேன். பிழையைக் கண்டால் எனக்கு இன்னும் பல் கூசுகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவனுக்கு மூன்று சுழி ணகரம் எதற்கு? சுற்று எண்ணிக்கை தப்பாமல் இருந்தால் போதாதா?

அவன் நம்பர் இருந்தால் கூப்பிடு. எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லிப் பார். என்ன ஆச்சென்று எனக்கு எழுது, போனில் சொல்லாதே. ஆவணியில் வரும்போது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. பச்சை நிலக்கடலை வந்திருக்கும்.

உன்
பழைய புரூப்காரன்