பொன்மலையிலிருந்து ஒருவன் வந்திருந்தான்

பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை கிடைத்துவிட்டது, மெட்ரோவில் போய் வருகிறாள்.

இன்று சாயங்காலம் பார்த்ததை உனக்குச் சொல்லாமல் தூக்கம் வராது.

வெயில் தாழ்ந்ததும் கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷனுக்குப் போய் உட்காருவது என் வழக்கம். பிளாட்பாரக் கூரை முடிகிற இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. ஜோலார்பேட்டை பாதையில் ஓடுவது எத்தனையோ வருஷமாகப் பெரும்பாலும் கரண்டு எஞ்சின்தான். ஆனால் பக்கத்திலேயே டீசல் ஷெட் இருப்பதால் லைட் எஞ்சின்கள், அதாவது பெட்டி எதையும் இழுக்காமல் தனியாக ஓடுபவை, போய் வரும், அதற்காகத்தான் போகிறேன். அந்த ஷெட்டிலும் இப்போது கரண்டு எஞ்சின்கள் வந்துவிட்டன.

இங்கே பார்க்கக் கிடைக்கிற டீசல் பெரும்பாலும் இஎம்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு. 4000 குதிரைத்திறனுக்குக் குறையாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரே சீராக முனகிக்கொண்டு நிற்கும். கம்பீரமான வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் கேட்டு வளர்ந்த சத்தம் அது இல்லையே.

ஆறேகால் மணி இருக்கும். கோடை மழை ஒரு தூறல் போட்டுவிட்டு ஓய்ந்திருந்தது. தொங்கு பாலத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். தூரத்தில் ஹார்ன் கேட்டது. அப்புறம் அந்த 'தடக் தடக் தடக்'. எழுந்து நின்றுவிட்டேன். ஆல்கோ, நம் பழைய டீசல் எஞ்சின்! நாலைந்து காலி வேகன்களை இழுத்துக்கொண்டு வந்து, சிக்னல் இல்லாமல் நேராக என் முன்னால் நின்றது. பக்கவாட்டில் கோல்டன் ராக் என்று ஷெட் பெயர். நம்ம பொன்மலை எஞ்சின்!

ஏழெட்டு நிமிஷம் நின்றிருக்கும். மழைத்துளி பட்ட மேல்மூடியிலிருந்து லேசாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. புகைபோக்கிக்கு மேலே காற்று நடுங்க, அதற்குப் பின்னால் பாலத்து விளக்குகளும் சேர்ந்து நடுங்கின. பெஞ்சில் வைத்திருந்த பேப்பர் கப்பில் டீயின் மேல் வளையம் வளையமாக அலை.

சிக்னல் விழுந்ததும் டிரைவர் நாட்ச் கூட்டினார், அதாவது வேகப்பிடியை ஒரு படி ஏற்றினார். குபுக்கென்று கரும்புகை. அப்பா ரசம் சாதத்தைப் பிசைந்தபடி நம் இரண்டு பேருக்கும் விளக்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? "நாட்ச் வச்சதும் டீசல் உடனே பாய்ஞ்சிடும். டர்போ சுத்தி காத்தைத் தள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். காத்து பத்தாம முழுசா எரியாத டீசல்தான்டா அந்தக் கறுப்பு." அப்படியே நடந்தது. டர்போ பிடித்துக்கொண்டதும் புகை வெளுத்தது, சத்தம் உயர்ந்தது, வண்டி நகர்ந்தது. ராத்திரி வாசலில் கட்டிலில் படுத்துக்கொண்டே எஞ்சின் சத்தத்தைக் கேட்டு அப்பா சொல்வார், "ஒரு சிலிண்டர் அடிக்கலை, காலையில நம்ம கைக்குத்தான் வரும்." பதினாறு சிலிண்டரில் ஒன்று குறைந்தாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். இன்று நானும் எண்ணுவதுபோல் உன்னிப்பாகக் கேட்டேன். எல்லாம் சரியாக அடித்தது.

இந்தப் பதினாறு சிலிண்டர் ஆல்கோக்களில் முதலில் வந்தவை 1962-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தன. அந்தக் கம்பெனி 1969-லேயே எஞ்சின் கட்டுவதை விட்டுவிட்டது. வாரணாசி ரயில் எஞ்சின் தொழிற்சாலைக்காரர்கள்தான் விடாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் அப்பாக்கள் போன்றவர்களின் கைதான் அவற்றை இத்தனை காலம் ஓட வைத்தது. இதை யாராவது எழுதி வைக்க வேண்டும் சேகர். உன் அப்பா எஞ்சின்களைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் இருந்தபோது எழுதிய நோட்டுகள் பரணில் இருப்பதாகச் சொன்னாயே, அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே. நான் ஆடி மாதம் வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அப்புறம், எஞ்சின் நம்பரை பிளாட்பாரம் டிக்கெட்டின் பின்னால் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கால் சரியானதும் ஒரு நடை ஷெட் பக்கம் போய், அது திரும்பி வந்துவிட்டதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
ரவி