உள்நாக்கும் ஒரு பிளக் பாயிண்ட்டும்

வென்ட்வொர்த்வில், சிட்னி
ஜூலை, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய். போன வாரம் என் குறட்டைக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று நான் பாதி சொல்வதற்குள் "தொண்டையில கத்தி வைக்கப் போறாங்களா" என்று அம்மா அழத் தொடங்கிவிட்டது. மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியம்மனுக்கு வைத்திருப்பதாக உன் மகள் மெசேஜ் அனுப்பினாள். அதனால்தான் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

தாத்தாவின் குறட்டை நினைவிருக்கிறதா? "சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒரே சொத்து" என்று அப்பா கிண்டல் செய்வாரே. லயத்து வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளியும் கேட்கும். பந்தலூர் மழை தகரத்தில் கொட்டும்போதுகூட அதையும் மீறிக் கேட்கும். திடீரென்று நின்றுவிடும். நீயும் நானும் பாயில் படுத்தபடியே ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். இருபதைத் தாண்டியதும் 'ஹக்' என்று மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். போர்வைக்குள் சிரிப்போம். நாம் எண்ணிச் சிரித்த அந்த இடைவெளிக்குத்தான் இங்கே ஸ்லீப் அப்னியா என்று பெயர்.

பப்பாளிக் காம்பு வைத்துத் தண்ணீர் உறிஞ்சுவோமே, இளங்காம்பாக இருந்தால் நடுவில் ஒட்டிக்கொண்டு ஒன்றும் ஏறாது. தொண்டையும் அப்படித்தான். தூங்கும்போது தசை தளர்ந்து, மூச்சை இழுக்க இழுக்க ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பயந்துபோய் நம்மை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டி ஓர் இரவு படுக்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 38 முறை மூச்சு தடைபட்டிருக்கிறது. 30-ஐத் தாண்டினாலே கடுமை என்கிறார்கள். ஆக்ஸிஜன் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

இதை ஏன் பார்க்கப் போனேன் என்பதை அம்மாவிடம் சொல்லாதே. நான் ஓட்டிய பஸ்ஸில் பன்னிரண்டு பேர். சிவப்பு விளக்கில் நிறுத்தியவன், பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். அன்றே டிப்போவில் போய்ச் சொல்லிவிட்டேன். சிகிச்சை வேலை செய்கிறது என்று தூக்க நிபுணர் எழுதிக் கொடுக்கும்வரை ஸ்டீயரிங் கிடையாது. ஏழு வாரம் டிப்போவில் உட்கார்ந்து சீட்டு எழுதினேன்.

அந்தச் சிகிச்சைதான் சீபேப் மெஷின். இந்த ஊரில் பிறந்த சாமான் அது. 1981-ல் காலின் சல்லிவன் என்கிற சிட்னி டாக்டர் அதைப் பற்றி எழுதினார். அதற்கு முன்னால், ரொம்ப முற்றியவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான் வழியாம். இப்போது ஒரு சோற்றுப் பாத்திரம் அளவு பெட்டி, அதிலிருந்து குழாய், மூக்கில் மாஸ்க். காற்றை ஊதி ஊதி உள்ளேயிருந்து தொண்டையைத் திறந்து பிடிக்கிறது. மாஸ்க் கழலாத இரவில் என் 38 வெறும் 3.

கழலாத இரவு என்பதுதான் சிக்கல். இப்போது இங்கே குளிர்காலம். மெஷினிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீராகி, இரண்டு மணிக்கு மூக்கில் 'களக்' என்று ஒரு வாய் தண்ணீர். குழாயைப் போர்வைக்குள் இழுத்துவிட்டுப் படுக்கப் பழகினேன். அதற்குள் என் வலது மூக்கு அடைத்துக்கொள்ளும். மூச்சு முட்டுகிற கனவு வந்து, தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்திருப்பேன். காலையில் கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் பட்டைத் தழும்பு, மூட்டைக் கயிறு பதிந்த நெற்றி மாதிரி.

அதனால்தான் ஆபரேஷன் ஆசை வந்தது. ஒரு தடவை வெட்டிவிட்டால் தீர்ந்தது, டிசம்பரில் ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், தேவாலா மழையில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அம்மா முன்னால் யானைத் தும்பிக்கையோடு படுக்க வெட்கம் என்பதும் உண்மை.

சர்ஜன் ஒளிக்காமல் பேசினார். டான்சிலை எடுத்து, மேலண்ணத்தின் பின்பக்கச் சதையையும் உள்நாக்கையும் வெட்டித் தைப்பது பழைய முறை. ஃபுஜிட்டா என்ற டாக்டர் அதை எழுதியதும் அதே 1981-ல்தான். இப்போது அவ்வளவாக வெட்டுவதில்லையாம், சதையை இழுத்துத் திருப்பித் தைக்கிறார்களாம். எப்படிச் செய்தாலும் இரண்டு வாரம் எச்சில் விழுங்கினாலே உயிர் போகிற வலி. சிலருக்கு ஒரு வாரம் கழித்து ரத்தம் கசியும். சிலருக்குத் தொண்டையில் எதோ மாட்டிக்கொண்ட உணர்வு போகவே போகாது. குடிப்பது மூக்கு வழியே வருவதும் உண்டு, பெரும்பாலும் கொஞ்ச நாளைக்கு. தேயிலைக்காட்டில் பிறந்தவனுக்கு டீ மூக்கில் வருவதா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு காகிதத்தைக் காட்டினார். மெஷின் ஒத்துவராத 102 பேரைப் பாதியாகப் பிரித்து இந்த நாட்டிலேயே பார்த்த ஆராய்ச்சி, 2020-ல் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு மணிக்கு மூச்சு தடைபடுவது சராசரி 48 முறையிலிருந்து 21-க்கு இறங்கியது. செய்யாதவர்களுக்கு 45-லிருந்து 35. பெரிய வித்தியாசம்தான், நான்கூட நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அக்கா, 21 என்றாலும் நோய்தானே. வலியெல்லாம் பட்டுவிட்டு மறுபடி மெஷினிடமே வந்து நிற்கலாம்.

முடிவு சொன்னது கேமரா. மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியே கேமராவை விட்டு எங்கே அடைக்கிறது என்று பார்த்தார்கள். எனக்கு அண்ணம் மட்டுமல்ல, நாக்கின் அடிப்பாகமும் பின்னால் சரிகிறது. டான்சில் என்னவோ சுண்டைக்காய் அளவுதான். அண்ணத்தை மட்டும் வெட்டினால் கீழ்க்கதவு மூடியபடியேதான் இருக்கும்.

ஆக, தொண்டையில் கத்தி இல்லை. மூக்குத்தண்டு வளைந்திருப்பதை மட்டும் ஆகஸ்டில் சரிசெய்கிறார்கள். அதனால் அப்னியா போகாது, மாஸ்க் வழியே மூச்சுவிடுவது சுலபமாகும், அவ்வளவுதான். கூடவே எடையும் குறைக்க வேண்டும். வந்தபோது 71 கிலோ, இப்போது 94. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பிரியாணி தின்றால் வேறென்ன ஆகும்.

இனிமேல்தான் முக்கியம். அத்தானும் தாத்தா மாதிரியே நிறுத்தி நிறுத்தி இழுக்கிறார் என்று நீதானே சொன்னாய். போன மாதம் நாடுகாணி இறக்கத்தில் கொழுந்து லாரி மண்மேட்டில் உரசியதை 'பிரேக் கோளாறு' என்கிறார். நான் நம்பவில்லை. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே டான்சில் நெல்லிக்காய் மாதிரி வீங்கும், எடையும் இல்லை. என் தொண்டையை வைத்து அவர் கணக்கைப் போடாதே. டான்சில் பெரிதாக இருப்பவர்களுக்குத்தான் ஆபரேஷன் நன்றாகக் கைகொடுக்கும் என்று இதே சர்ஜன் சொன்னார். அவருக்கு அதுவே சரியாக இருக்கலாம். ஆனால் முதலில் தூக்கப் பரிசோதனை. கோயம்புத்தூர்தான் போக வேண்டியிருக்கும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ரிப்போர்ட் வரும்வரை லாரியை வேறு யாராவது ஓட்டட்டும். சம்பளம் போகுமே என்பார். எனக்கும் போனது. மல்லாக்கப் படுக்க வேண்டாம், சாயங்காலக் கட்டிங்கும் வேண்டாம் என்று சொல். அதைப் போட்டால் தொண்டைத் தசை இன்னும் தளரும். நான் சொன்னேன் என்றே சொல், திட்டினால் என்னைத் திட்டட்டும்.

அம்மாவிடம் 'மூக்கில் சின்ன வேலை' என்று மட்டும் சொல். முடிந்து வைத்த காசை அவிழ்க்க வேண்டாம், ஆகஸ்டுக்கு இருக்கட்டும்.

டிசம்பரில் மெஷினோடுதான் வருகிறேன். மழை விட்டிருக்கும். இருந்தாலும் நம்மூர் கரண்டை நம்பி ஒரு பேட்டரியும் வாங்குகிறேன். நடு அறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, அல்லது டி.வி. பின்னாலிருந்துதான் ஒயர் இழுக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
தம்பி