ரிசீவர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வானொலி நேயரின் திறந்த மடல்

வானொலியையும் தொலைக்காட்சி ஒலியையும் ஸ்பீக்கர்களில் கேட்க உதவும் வீட்டு ஏவி ரிசீவர்களைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றைத் தமிழ்நாட்டில் விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

புதிய ரிசீவருக்கு முதன்முறை மின்இணைப்புக் கொடுத்ததும் அது வரிசையாகக் கேள்விகள் கேட்கிறது. எந்த மொழி, எத்தனை ஸ்பீக்கர், எந்த வைஃபை என்று விசாரிக்கிறது. மைக்ரோஃபோனை நாற்காலியில் வைக்கச் சொல்லி அறையையே அளந்து பார்க்கிறது. எந்த நாட்டில் வானொலி கேட்கப் போகிறீர்கள் என்று மட்டும் பெரும்பாலான மாதிரிகள் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மத்திய அலையில், அதாவது ஏஎம் வானொலியில், அமெரிக்கக் கண்டங்களின் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். 1975-ல் ஜெனீவாவில் செய்துகொண்ட உடன்பாடு 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்ததோ, பழைய பொருள் கடையில் வாங்கியதோ, 10 கிலோஹெர்ட்ஸ் படியில், அதாவது 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை மட்டும், நிற்கும் ரிசீவர் ஒன்று சென்னை வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் 720 ஒன்பதாலும் வகுபடும், பத்தாலும் வகுபடும். கோவையில் இருப்பவர் 999-க்குப் பதிலாக 1000 வைத்து ஒருவாறு சமாளித்துக்கொள்வார். மதுரைக்காரரும் 1269-ஐ 1270-ல் பிடித்துவிடுவார். திருச்சியின் 936-க்கு வழியே கிடையாது. 930-ல் வைத்தாலும் 940-ல் வைத்தாலும் குரல் கரகரவென்று உடைந்துதான் வரும். திருநெல்வேலியின் 1197-க்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

பண்பலையில் நிலைமை இன்னும் வருத்தம் தருவது. அமெரிக்க நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், தசமப் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண் வரும்படி அமைந்தவை. அந்தப் படியில் வேலை செய்யும் ட்யூனரில் (ரிசீவருக்குள் நிலையத்தைப் பிடிக்கும் பகுதி) 91.1, 93.5, 98.3 ஆகிய தனியார் நிலையங்கள் பளிச்சென்று கிடைக்கும். சென்னை வானொலியின் ரெயின்போ ஒலிபரப்பாகும் 101.4 கிடைக்காது. 2004 முதல் ஒலிபரப்பாகிவரும், நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4-ம் கிடைக்காது. வாங்கியவர் என்ன நினைப்பார்? தனியார் நிலையங்கள் நன்றாக வருகின்றன, அரசு வானொலியின் ஒலிபரப்புதான் மோசம் என்று முடிவு கட்டுவார். தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகவே அந்த வீடு வானொலிச் செய்தியையும், விளம்பரம் குறுக்கிடாத சங்கீதக் கச்சேரியையும் சேர்த்தே இழக்கிறது. இந்தியாவில் பண்பலை முதன்முதலில் ஒலித்ததே சென்னையில்தான், 1977-ல். அந்த ஊரிலேயே இப்படி நடப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேறொரு வித்தியாசமும் உண்டு. பண்பலையில் ஒலிபரப்பும்போது உயர்ந்த சுருதிகளைச் சற்று உயர்த்தி அனுப்புவார்கள். ட்யூனர் அவற்றை அதே அளவு தாழ்த்தி, கூடவே இரைச்சலையும் அடக்கும். இந்த அளவு இந்தியாவில் 50 மைக்ரோவினாடி, அமெரிக்காவில் 75. அமெரிக்க அளவுக்கு அமைந்த ட்யூனர் நம் ஒலிபரப்பைத் தேவைக்கு அதிகமாகத் தாழ்த்துகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் அருகில் 3 டெசிபலுக்குச் சற்று மேல் குறைந்துபோகிறது. ஜால்ராவின் கலகலப்பும் தம்புராவின் ரீங்காரமும் மங்குகின்றன. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கி வைத்தாலும் இந்த இழப்பு ஈடாகாது.

இதைச் சரிசெய்ய உங்கள் கருவிகள் பலவற்றில் வழி இருக்கத்தான் செய்கிறது. சிலவற்றில் அமைப்பு மெனுவின் அடியில் அலைவரிசைப் படி என்றொரு வரி இருக்கும். சிலவற்றில் முன்பக்கப் பொத்தான் ஒன்றை அழுத்திப் பிடித்தபடியே மின்இணைப்பை இயக்க வேண்டும். இது கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுகிறவருக்கு மட்டுமே தெரியும். படியை மாற்றினால் சேமித்துவைத்த நிலையங்கள் எல்லாம் அழிந்துபோகும் மாதிரிகளும் உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும் என்கிறேன். இந்தியா என்று தேர்ந்தெடுத்ததும் மத்திய அலைப் படி, பண்பலைப் படி, 50 மைக்ரோவினாடி அளவு மூன்றும் ஒன்றாக மாற வேண்டும்.

அடுத்து, தேடுதல் முறை. தானியங்கித் தேடல் வலுவான நிலையத்தில் மட்டுமே நிற்கிறது. உயரத்தில் இருப்பதால் கொடைக்கானலின் 100.5 வெகுதூரம் எட்டும். ஆனாலும் அதன் எல்லையோரத்து ஊர்களில் தேடல் நிற்காமல் தாண்டிப் போய்விடும். கைமுறைக்கு மாற்றி எண்ணைத் தொட்டால் நிலையம் கேட்கும். பல மாதிரிகளில் கைமுறைக்கு மாறினாலே ஒலி மோனோவாகிவிடுகிறது. அலை பலவீனமாக உள்ள இடத்தில் மோனோ நல்லதுதான், ஸ்டீரியோவின் இரைச்சல் அதில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் தேடும் முறை வேறு, ஒலிக்கும் முறை வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் கொடுங்கள். நல்ல அலை வரும் வீட்டில் கைமுறையாக 101.4-ஐத் தொட்டவர் கச்சேரியை ஏன் மோனோவில் கேட்க வேண்டும்?

ஆண்டெனா பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பண்பலைக்கு ஒற்றைக் கம்பி கொடுப்பதை நிறுத்தி, ஒன்றரை மீட்டர் அகலமுள்ள டி வடிவக் கம்பி கொடுங்கள். விலை வித்தியாசம் அற்பம். மத்திய அலை வளையத்துக்கு நீளமான ஒயர் வேண்டும். தொலைக்காட்சி, ரௌட்டர், எல்இடி விளக்கு ஆகியவற்றின் இரைச்சலுக்கு எட்டாத ஜன்னல் ஓரம்வரை அது நீள வேண்டும். வளையத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தால் நிலையம் தெளிவாகும் என்பதையும் ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

புதிய மாதிரிகள் சிலவற்றில் மத்திய அலையே இல்லை. எச்டிஎம்ஐ, வைஃபை எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் இரைச்சலைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பதிலாக டிஏபி என்ற ஐரோப்பிய டிஜிட்டல் வானொலி முறைக்கான ட்யூனரை வைத்த கருவியை இங்கே விற்பதில் பொருள் இல்லை, இங்கே டிஏபி ஒலிபரப்பே கிடையாது. அகில இந்திய வானொலி மத்திய அலையில் டிஜிட்டலுக்குத் தேர்ந்தெடுத்தது டிஆர்எம் முறையை. இந்தியாவில் ஓடும் கார்கள் பலவற்றில் அந்த வசதி வந்துவிட்டது. வீட்டு ரிசீவரிலும் அது வர வேண்டும். வரும்வரை சாதாரண மத்திய அலையை எடுத்துவிடாதீர்கள்.

கைப்பேசிச் செயலியில் எல்லா நிலையமும் கேட்கலாமே என்று உங்கள் விற்பனையாளர்கள் பதில் சொல்கிறார்கள். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் ரிமோட்டில் ஒரே பொத்தானை அழுத்தி, அடுத்த நொடியே காலைச் செய்தியைக் கேட்கிறார். கடவுச்சொல் வேண்டாம், இணையக் கட்டணம் வேண்டாம், பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். செயலி அவருக்கு இதைத் தராது.

அடுத்த மென்பொருள் மேம்படுத்தலிலேயே நாட்டைக் கேட்கும் அந்தத் திரையைச் சேர்க்க முடியுமா என்று உங்கள் பொறியாளர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஏற்கெனவே விற்ற கருவிகளுக்கு, எந்த மாதிரியில் எந்தப் பொத்தானை அழுத்திப் படியை மாற்றலாம் என்ற பட்டியலைத் தமிழில் கடைகளுக்கு அனுப்புங்கள். அதற்கு மேம்படுத்தல்கூடத் தேவையில்லை, இந்த மாதமே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வானொலி நேயர் ஒருவர்