சேது, சரக்கு யாருடையது?

நாகோயா

அன்புள்ள சேது,

உன் ஜவுளிக்கடையின் மாடி வரைபடம் வந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் தாமதித்தால் பெரியவர் பாணியில் ஒரு தபால் அட்டையில் ‘இருக்கிறாயா?’ என்று ஒற்றை வார்த்தை எழுதிப் போட்டுவிடுவாய். அந்தப் பயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மதினிக்கு முட்டிவலி குறைந்ததா? மூர்த்தி இன்னும் அந்த ஸ்கூட்டரைத்தான் தள்ளிக்கொண்டு திரிகிறானா? அவனிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே, உடனே கடன் கேட்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது, மூன்றாவது மாடிக்கு நீயே கொள்முதல் செய்யாமல், பிராண்டுகளுக்குக் கவுன்ட்டர் கவுன்ட்டராகக் கொடுத்துவிட்டு விற்பனையில் சதவீதம் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். ‘ஜப்பான்காரன் அப்படித்தானே செய்கிறான்’ என்று ஒரு வரி வேறு. செய்தான்தான். அப்படிச் செய்தவனுடைய கதையை முழுக்கக் கேட்டுவிட்டு முடிவெடு. இங்கே மொத்தம் 47 மாகாணம். யாமகாட்டா, தொகுஷிமா, ஷிமானே, கிஃபு என்று வரிசையாக நான்கில் இன்றைக்கு முழு அளவு டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றுகூட இல்லை.

இந்த முறைக்கு இங்கே ‘ஷோகா ஷீரே’ என்று பெயர். ஷோகா என்றால் செரிமானம், ஷீரே என்றால் கொள்முதல். செரித்த பிறகு வாங்குவது! கவுன்ட்டரில் தொங்கும் கோட்டு பிராண்டுக்காரனுடையது. அதை எடுத்துக் காட்டும் பெண்ணும் அவனுடைய ஆள், சம்பளமும் அவனே. வாடிக்கையாளர் பணத்தை நீட்டி, கல்லாவில் பில் விழுகிற அந்த நொடியில்தான் கடை அந்தக் கோட்டை, உதாரணத்துக்கு 6,500 யெனுக்கு, பிராண்டிடம் வாங்குகிறது. அதே நொடியில் 10,000 யெனுக்கு விற்றதாகவும் கணக்கில் ஏறுகிறது. விற்காத சரக்கு ஒருநாளும் கடையுடையது ஆவதில்லை. சீசன் முடிந்தால் அவனே பெட்டி கட்டி எடுத்துப் போவான். திருடு போனால்கூட நஷ்டம் அவனுக்கு. (சரக்கு என்றதும் சிரிக்காதே, துணியைச் சொல்கிறேன்.)

படிக்கும்போது உனக்கு நாக்கில் எச்சில் ஊறும். முடங்கிய பணம் கிடையாது, டெட் ஸ்டாக் கிடையாது, ஆள் சம்பளம் கிடையாது. போருக்குப் பிறகு முதல் இல்லாமல் தவித்த கடைகளுக்கு இது வரமாகத்தான் தெரிந்தது. ஆன்வர்ட் காஷியாமா போன்ற ஆடை நிறுவனங்கள் ‘விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம், ஆளும் நாங்களே அனுப்புகிறோம்’ என்று 1950களில் ஆரம்பித்துவைத்தன. நாடே பணக்காரனாகிக்கொண்டிருந்த காலத்தில் எல்லாம் விற்றது. 1991இல் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் மொத்த விற்பனை 9.7 லட்சம் கோடி யென். கொரோனா வந்த 2020இல் 4.2 லட்சம் கோடி.

கொரோனாமேல் பழி போடாதே. ஓட்டை அதற்கு வெகுகாலம் முன்பே விழுந்துவிட்டது. பிராண்டுக்காரன் முட்டாளா? திரும்பி வரும் சரக்கு, ஆள் சம்பளம், கடைக்குக் கொடுக்கும் பங்கு எல்லாவற்றையும் முதலிலேயே விலையில் ஏற்றிவிடுவான். 10,000 யென் கோட்டில் துணிக்கும் தையலுக்கும் சேர்த்து 2,000 யென் போனால் பெரிது. விலை ஏறினால் விற்பனை குறையும், விற்பனை குறைந்தால் திரும்புவது கூடும், அதைச் சமாளிக்க மறுபடி விலை ஏறும். தெருக்கோடியில் யூனிக்ளோ என்ற ஆடை நிறுவனம் தானே வடிவமைத்து, தானே ஆர்டர் கொடுத்துத் தைக்கவைத்து, தானே விற்க ஆரம்பித்ததும் இந்தச் சக்கரம் நொடித்தது.

அதைவிட மோசமானது சின்ன ஊருக்கு நடந்தது. உனக்கு நேரடியாகப் பொருந்துவதும் அதுதான். சரக்கு கடையுடையது இல்லை என்றால், எந்த ஊர்க் கடைக்கு எது வரவேண்டும் என்பதையும் கடை தீர்மானிக்க முடியாது. பெண்கள் ஆடையில் இங்கே 7, 9, 11 என்று ஒற்றைப்படையில் அளவு போகும். 9 தான் நடு அளவு. டோக்கியோவின் ஷின்ஜுக்குவில் ஒரு மாடல் ஓடுகிறது என்று தெரிந்தால் பிராண்டுக்காரன் ஷிமானேயின் மட்சுயே ஊரில் தொங்கும் 9-ஐயும் உருவி அங்கே அனுப்பிவிடுவான். ஊர்க்காரி வந்து கேட்டால் ‘வரவழைத்துத் தருகிறோம், ஒரு வாரம் ஆகும்’. இரண்டு முறை கேட்பாள். மூன்றாவது முறை ரயிலேறிப் பெரிய ஊருக்குப் போய்விடுவாள். அடுத்து ஆள் குறைப்பு: மூன்று பிராண்டுக்கு ஒரே பெண் காவல். அவள் ஒரு பக்கம் உடை மாற்றும் அறையில் நின்றால் மற்ற இரண்டு கவுன்ட்டரும் அநாதை.

அப்புறம் ஒருநாள் பிராண்டே போய்விடும். சான்யோ ஷோகாய் என்ற ஆடை நிறுவனம் 2015 ஜூனோடு பர்பெரி பிராண்டின் உரிமத்தை இழந்தது. ஆன்வர்ட் 2019இல் சுமார் 600 கடைகளை மூடுவதாக அறிவித்தது. 2020 மே மாதம் இன்னொரு ஆடை நிறுவனமான ரெனவுன் நொடித்து நீதிமன்றப் படியேறியது. இவை ஒவ்வொன்றும் டோக்கியோவில் எடுத்த முடிவு. அடி விழுந்தது நூற்றுக்கணக்கான மாடிகளில். டோக்கியோவில் ஒரு கவுன்ட்டர் காலியானால் வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். மாகாண ஊரில் அந்த இடத்தில் ஒரு தட்டி வைத்து மறைப்பார்கள். தட்டிக்கு முன்னால் ஒரு சோபா. சோபாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்தாலே அந்தக் கடைக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று சொல்லிவிடலாம்.

யாமகாட்டாவின் ஓனுமா 1700இல் தொடங்கிய வியாபாரம். 2020 ஜனவரியில் திவால். அதே ஆண்டு ஆகஸ்டில் தொகுஷிமா சோகோ மூடியது. ஷிமானேயில் மட்சுயேயின் இச்சிபாட்டா 2024 ஜனவரி 14 அன்று மூடியது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று கிஃபு தகாஷிமாயா. கிஃபு விஷயத்தில் கட்டடமும் ஒரு காரணம். 1977இல் திறந்த கடை, வாடகைக் கட்டடம், இயந்திர சாதனங்கள் பழசு. மாற்றும் செலவில் கட்டட உரிமையாளருக்கும் கடைக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் இருபது நிமிட ரயில் தூரத்தில் நாகோயா ஸ்டேஷன்மேலேயே இன்னொரு தகாஷிமாயா ஜேஜே என்று நடக்கும்போது, அந்தச் செலவை யார் செய்வார்கள்? அண்ணன் தம்பியைத் தின்ற கதை.

கட்டடம் என்றதும் ஒன்று. 1981க்கு முந்தைய விதிப்படி கட்டிய பெரிய கடைகள் நிலநடுக்கச் சோதனை செய்தே ஆகவேண்டும் என்று 2013இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சோதனை முடிவு ஊரறிய வெளியாகும். தேறாத கட்டடத்தைப் பலப்படுத்தப் பணம் வேண்டும், இடித்துக் கட்டவும் பணம் வேண்டும். நஷ்டத்தில் ஓடும் கடைக்கு மூன்றாவது வழி ஒன்றுதான்: மூடுவது. நடுவில் எஸ்கலேட்டர், சுற்றிலும் ஜன்னலே இல்லாத எட்டு மாடிப் பெட்டியை வேறு எதற்கும் லேசில் மாற்றவும் முடியாது. உன் வரைபடத்தில் கிழக்குச் சுவரை அடைத்திருக்கிறாய். இன்னும் ரேக் இடம் கிடைக்கும் என்பதற்காகத்தானே? அடைக்காதே.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்பாய். ஒரு கூட்டம் கடைக்காரன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்காரன் ஆகிவிட்டது. 2000இல் இங்கே காலவரையறை வாடகைச் சட்டம் வந்தது. கெடு முடிந்தால் வாடகைதாரர் பேசாமல் வெளியேற வேண்டும். டோக்கியோவின் கின்சாவில் மட்சுசகாயா டிபார்ட்மென்ட் ஸ்டோர் நின்ற இடத்தில் 2017இல் திறந்த ‘கின்சா சிக்ஸ்’ முழுக்க இந்த முறைதான், பெயரிலேயே டிபார்ட்மென்ட் ஸ்டோர் கிடையாது. ஒசாகாவின் ஷின்சாய்பாஷியில் தைமாரு கடையை 2019இல் புதிதாகக் கட்டித் திறந்தபோது பெரும்பகுதி இடத்தை வாடகைக்கே விட்டார்கள். டோக்கியோவின் புறநகரான தச்சிகாவாவில் தகாஷிமாயா 2023 ஜனவரியோடு தன் சொந்தப் பிரிவுகளை மூடிவிட்டு, அதே கட்டடத்தை வணிக வளாகமாக நடத்துகிறது. டோக்கியோவின் இக்கேபுக்குரோவில் இருக்கும் செய்பு கடையின் கதை இன்னும் கசப்பு. கைமாறவிருந்த கடையில் பெரும்பங்கு இடம் யோடோபாஷி கேமரா என்ற மின்னணுச் சாதனக் கடைக்கு என்றதும் 2023 ஆகஸ்ட் 31 அன்று ஊழியர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் 61 ஆண்டுகளில் அது முதல் வேலைநிறுத்தம். மறுநாளே கடை கைமாறி முடிந்துவிட்டது.

இன்னொரு வடிவம் குட்டிக் கடை. பெரிய கடை மூடிய ஊரில் ஒரு மூலையில், பரிசுப் பெட்டிகளும் இனிப்பும் அழகுசாதனமும் மட்டும். ஜூலையிலும் டிசம்பரிலும் மேலதிகாரிக்கும் உறவுக்கும் பரிசு அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு. அதற்கு இன்ன கடையின் உறைத்தாள்தான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள். உள்ளே இருக்கும் பிஸ்கெட் எங்கும் கிடைக்கும், அந்தத் தாள் கிடைக்காது. நீ உன் கடை மஞ்சள் பையைக் கேலி செய்துகொண்டிருந்தாயே, அதை நிறுத்து.

நாகோயாவிலும் மெய்டெட்சு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் தலைமைக் கடையை 2026 பிப்ரவரியோடு மூடுவதாக அறிவித்தார்கள். 1954இல் திறந்தது. இது ஸ்டேஷன் மறுகட்டமைப்புக் கணக்கு, ஆள் வராமல் மூடிய ஊர்க்கதையோடு சேர்க்காதே. வாசலில் நானா-சான் என்று 6.1 மீட்டர் உயர பொம்மை 1973லிருந்து நிற்கிறது. நாகோயாவில் யார் யாரைச் சந்திப்பதானாலும் அதன் காலடியில்தான். கடை மூடும் செய்தி வந்ததும் ஊர் முதலில் கேட்டது ‘நானா-சான் என்ன ஆவாள்?’ என்றுதான். துணியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

இப்போது கணக்கு. 2021 ஏப்ரலிலிருந்து வருவாய்க் கணக்கு விதி மாறியது. ஷோகா ஷீரேயில் விற்ற 10,000 யெனையும் விற்பனை என்று எழுதக் கூடாது, கடைக்கு நிற்கும் 3,500-ஐ மட்டும்தான் எழுதலாம். ஒரே இரவில் பெரிய பெரிய கடைகளின் வருவாய் காகிதத்தில் சுருங்கிப்போனது. நிஜத்தில் எதுவும் மாறவில்லை, இத்தனை காலமும் அவர்கள் உண்மையில் எவ்வளவு சின்னக் கடைக்காரர்கள் என்பது மட்டும் தெரிந்தது. உன் மூன்றாவது மாடி ‘வருஷத்துக்கு இவ்வளவு’ என்று போட்டிருக்கிறாயே, அந்தப் பத்தியை இதே முறையில் திருத்தி எழுதிப் பார். மின்சாரம், ஏசி, லிஃப்ட், காவல் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்.

அதற்குப் பிறகும் கொடுத்தே தீருவேன் என்றால் (உன்னைத் தெரியாதா எனக்கு), இதையாவது கேள். தரைத்தளமும் பட்டும் உன் கொள்முதலாகவே இருக்கட்டும். பிராண்டுக்கு ஒரு மாடி, அதிலும் பாதி. பில் உன் கல்லாவிலேயே விழவேண்டும். அவன் இயந்திரத்தில் விழுந்தால் வாடிக்கையாளர் யாரென்றே உனக்குத் தெரியாது. மினிமம் கேரன்டி (விற்றாலும் விற்காவிட்டாலும் அவன் தரவேண்டிய தொகை), சதவீதம் இரண்டில் எது கூடுதலோ அது. சதவீதம் மட்டும் என்றால் அவன் குப்பையைக் கொட்டிவைக்கும் கிடங்காக உன் மாடி ஆகிவிடும். வாரம் ஒருமுறை அளவுவாரி இருப்புப் பட்டியல் கேள். ஓடும் அளவு ஏழு நாளைக்கு மேல் இல்லாமலிருந்தால் அபராதம் என்று எழுது. இதற்கு எந்த பிராண்டும் முகம் சுளிக்கும், ஆனால் எல்லாவற்றையும்விட இது முக்கியம். கவுன்ட்டருக்கு ஒரு ஆள் நிச்சயம். வெளியேற ஆறு மாத முன்னறிவிப்பு, தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதத்தில் யாரும் காலி செய்யக் கூடாது. எல்லா ஒப்பந்தமும் ஒரே மாதத்தில் முடியும்படி வைத்துவிடாதே. ஒவ்வொன்றையும் நான்கு மாதம் தள்ளிப் போடு, இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் மாடி மொட்டையாகும். தனி மீட்டர், ரேக் கழற்றிய பின் தரையைப் பூசுவது யார் செலவு, இரண்டையும் எழுத்தில் வாங்கு.

ஒன்று மறந்தேன். உன் மாதச் சேமிப்புச் சீட்டு. இங்கேயும் அதே வித்தை உண்டு, ‘தோமோ நோ காய்’ என்று பெயர். மாதம் 10,000 யென் பன்னிரண்டு மாதம் கட்டினால் 1,30,000 யெனுக்குச் சாமான் வாங்கலாம். இப்படி முன்பணம் வாங்கும் கடை அதில் பாதியைத் தொடாமல் பாதுகாத்துவைக்க வேண்டும் என்பது சட்டம். நீ என்ன செய்கிறாய்? அந்தப் பணத்தில்தான் லிஃப்ட் போடப் போகிறாய் என்று மூர்த்தி எழுதியிருந்தான். அது பொய் என்று ஒரு வரி போடு சேது, எனக்கு மற்ற எதையும்விட அதுதான் உறுத்துகிறது. கட்டுகிறவர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்த வீட்டுப் பெண்கள்.

திருத்திய வரைபடத்தையும் அந்த மாடிக் கணக்கையும் அனுப்பு. கிழக்கு ஜன்னலோடு.

அன்புடன்,
ராகவன்

பி.கு.: மஞ்சள் பை நான்கு எடுத்து வை. இங்கே கேட்கிறார்கள்.