மான்ட்கோமரி பஸ் தீர்ப்பு வாஷிங்டனில் எழுதப்பட்டதல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்தியது. பஸ்களில் நிறப் பிரிவினையைக் கடைசியில் உச்ச நீதிமன்றம் ஒழித்தது என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். தவறு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு சரி என்று, இரு தரப்பு வாதத்தைக்கூடக் கேட்காமல் சில வரிகளில் உறுதிசெய்ததோடு சரி. அந்தத் தீர்ப்பு ஜூன் மாதமே மான்ட்கோமரியில் வந்துவிட்டது. அதைத் தந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஃபிராங்க் எம். ஜான்சன். வயது 37. பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அமெரிக்காவில் மாநிலக் கோர்ட்டுகள் தனி, மத்தியக் கோர்ட்டுகள் தனி. மத்திய வரிசையின் கீழ்ப்படியில் இருப்பது மாவட்ட நீதிமன்றம். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதும் ஜூரியை உட்கார வைப்பதும் அங்கேதான். அதன் நீதிபதியை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் சம்மதிக்க வேண்டும். அப்புறம் ஆயுள் முழுக்கப் பதவி. சம்பளத்தைக் குறைக்க முடியாது. நாடாளுமன்றம் பதவிநீக்க விசாரணை நடத்தினால்தான் வெளியேற்ற முடியும். அலபாமாவின் மாநில நீதிபதிகளோ தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர்கள். அடுத்த தேர்தலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடமிருந்து அன்றைக்கு அப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜான்சன் வடக்கு அலபாமாவின் வின்ஸ்டன் கவுன்ட்டியில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் மாநிலம் பிரிந்து போவதை எதிர்த்த மலைப்பகுதி அது. இரண்டாம் உலகப் போரில் காலாட்படை அதிகாரியாக இருந்து பிரான்சில் காயம்பட்டார். வக்கீலாகவும் அரசு வழக்கறிஞராகவும் இருந்தவரை 1955-இல் ஜனாதிபதி ஐசனோவர் மான்ட்கோமரிக்கு அனுப்பினார். அவர் வந்த கொஞ்ச நாளில், டிசம்பர் 1 அன்று, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அதிலிருந்துதான் புறக்கணிப்பு தொடங்கியது.

கோர்ட்டுக்குப் போன வழக்கில் ரோசா பார்க்ஸ் வாதி இல்லை என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. இளம் வக்கீல் ஃபிரெட் கிரே நான்கு பெண்களை வாதிகளாக வைத்து வழக்குப் போட்டார். அவர்களில் ஒருவர் கிளாடெட் கால்வின். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இடம் கொடுக்க மறுத்துக் கைதானவர். மாநிலச் சட்டமே செல்லாது என்று கேட்ட வழக்கு என்பதால் மூன்று நீதிபதிகள் சேர்ந்து கேட்டார்கள். ஜான்சனும் ரிச்சர்ட் ரைவ்ஸும் ஒரு பக்கம், மூன்றாமவர் எதிர்ப்பக்கம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதம். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டு வாஷிங்டனில் இருந்துவிடலாம். மாவட்ட நீதிபதி அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். ஜான்சன் வீட்டு வாசலில் இனவெறியர்கள் மிரட்டலாகச் சிலுவையைக் கொளுத்தினார்கள். ஊர் பெரிய மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பல வருடம் மத்திய அரசின் காவலர்களான மார்ஷல்களின் பாதுகாப்பில் வாழ்ந்தார். 1967-இல் அவருடைய தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. நல்லவேளை, தாயாருக்குக் காயமில்லை. நீதிபதியின் வீடு என்று நினைத்துத்தான் வைத்தார்கள் என்பார்கள். தெற்குக் கரோலினாவில் வேட்டிஸ் வாரிங் என்ற இன்னொரு மாவட்ட நீதிபதி, பள்ளிப் பிரிவினைக்கு எதிராக 1951-இல் தனித்து நின்று எழுதிவிட்டு, அடுத்த வருடமே ஓய்வுபெற்று நியூயார்க் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜான்சன் போகவில்லை என்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பின்னாளில் அலபாமா ஆளுநரான ஜார்ஜ் வாலஸ் ஜான்சனின் சட்டக் கல்லூரித் தோழர். ஆளுநராவதற்கு முன் வாலஸ் மாநில நீதிபதி. வாக்காளர் பதிவேடுகளை, குடியுரிமைகளை ஆராய்ந்த மத்திய ஆணையத்திடம் தர மாட்டேன் என்று மேடையில் முழங்கினார். ஜான்சன் அவமதிப்பு வழக்கைக் கையில் எடுத்ததும், சத்தமில்லாமல் பதிவேடுகள் வந்து சேர வழி செய்துவிட்டார். சிறைக்குப் போன தியாகி என்ற பெயர் வாலஸுக்குத் தேவைப்பட்டது. ஜான்சன் 1959-இல் அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்து, மறைமுகமாகப் பணிந்ததையும் தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். இதைவிட மோசமான தண்டனையை வாலஸுக்கு யாராலும் தந்திருக்க முடியாது!

இவரைக் கறுப்பின மக்களின் பாதுகாவலர் என்று மட்டும் எழுதினாலும் சரியாக இராது. டஸ்கீகி நகரின் எல்லையைக் கறுப்பின வாக்காளர்கள் வெளியே விழும்படி 28 பக்கங்கள் கொண்ட விசித்திர வடிவமாக வெட்டியபோது, இது மாநிலத்தின் அதிகாரம் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தவரும் இவரே. 1960-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. மேல் கோர்ட் இருப்பது அதற்குத்தானே.

எனக்கு அவருடைய வேலையில் மிகவும் பிடித்தது பஸ் வழக்கு அல்ல, டஸ்கலூசாவின் பிரைஸ் மனநல மருத்துவமனை வழக்கு. 1970-இல், வேலை நீக்கப்பட்ட ஊழியர்களின் பிரச்சினையாக ஆரம்பித்தது. நோயாளிகள் சார்பில் முதல் பெயர், மனநோயே இல்லாமல் அங்கே அடைக்கப்பட்ட 15 வயதுப் பையன். 5,000-க்கும் மேற்பட்டோரை வைத்துக்கொண்டு சிகிச்சை என்ற பேச்சே இல்லாமல் நடந்த இடம் அது. ஒருவரை வலுக்கட்டாயமாக அடைத்தால் அவருக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்றார் ஜான்சன். மாநிலம் தானாகச் சரிசெய்யக் காத்திருந்தார். நடக்கவில்லை. 1972-இல் அவரே தரங்களை எழுதினார்: ஒரு அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது, எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, பதினைந்து பேருக்கு ஒரு குளியல் வசதி. மருத்துவமனையை நீதிபதியா நடத்துவது என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் கழிப்பறைக் கணக்குப் போட வேண்டிய ஆளுநரும் சட்டசபையும் போடாதபோது, சாட்சியத்தைக் காதால் கேட்ட நீதிபதி என்ன செய்வார்? வழக்கு முடிந்தது 2003-இல். அதற்கு நான்கு வருடம் முன்பே ஜான்சன் இறந்துவிட்டார்.

1979-இல் அவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்வு கிடைத்தது. 1995-இல் ஜனாதிபதி கிளின்டன் பதக்கம் அளித்தார். பதவி உயர்வுக்குப் பிந்தைய வேலையும் சின்னதல்ல. ஆனாலும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசுவதெல்லாம் கீழ்க் கோர்ட்டில் இருந்த அந்த 24 வருடங்களைத்தான்.

தொடரின் அடுத்த பகுதியில், வாக்குரிமை கேட்டுச் செல்மா ஊரிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த ஊர்வலம் வரும் என்று நினைக்கிறேன். 1965 மார்ச் 17 அன்று ஊர்வலத்துக்கு அனுமதி தந்தவரும் ஜான்சனே. அதற்கு முன், மார்ச் 9 அன்று, விசாரணை முடியும்வரை நடக்கக் கூடாது என்று தடை போட்டவரும் அவரே. ஊர்வலத்தை நடத்திய மார்ட்டின் லூதர் கிங் அன்று செல்மாவின் பாலத்திலிருந்து திரும்பிவிட்டார். பிறகு சில நாள் சாட்சியம் கேட்டுவிட்டுத்தான் அனுமதி. அதிலும் இருவழிச் சாலைப் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்று நிபந்தனை. அனுமதியை மட்டும் எழுதிவிட்டுத் தடையையும் நிபந்தனையையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கட்டுரையாளர் மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
கும்பகோணம்