மும்பை வானொலியில் தமிழுக்கும் அரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வானொலி நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையில், மும்பைத் தமிழர்கள் வானொலி கேட்பதை விட்டு வெகுநாளாகிறது என்று ஒரு வரி இருந்தது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி, தாராவியிலும் சயானிலுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவரும் எனக்கு அந்த வரி உடன்பாடாக இல்லை. தாராவித் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் விடியுமுன் எழுந்து இட்லி அவிக்கும் வீடுகளின் அடுப்படியில் இன்றும் வானொலிப் பெட்டி பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அது இந்தியில் பாடுகிறது என்பதுதான் குறை.

யார் எந்த நேரத்தில் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தால் பல செய்திகள் புலப்படும். அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குக் கை ஒழியாது. நிலையத்தை மாற்றிக்கொண்டிருக்க அவளால் முடியாது. பழைய பாட்டும் சரியான நேரமும் இரண்டு வரிச் செய்தியும் அவளுக்குப் போதும். எங்கள் தெருவின் தையல் பட்டறையில் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரே நிலையத்தை நாள் முழுவதும் உரக்க வைக்கிறார்கள். தையல் இயந்திரங்களின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது, பாட்டு மட்டும் விழும் என்பதால், பேச்சு குறைந்த நிலையமே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. டாக்சி ஓட்டுநருக்கோ எந்தச் சாலையில் நெரிசல் என்று சொல்லும் குரல் வேண்டும்.

கேட்பவரை மதிக்காத வானொலிக்கு என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை ஆகாசவாணியிலிருந்து ஒதுக்கி, சாஸ்திரிய இசையைக் கேட்டு மக்கள் பழகட்டும் என்று கருதினார். மக்களோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி மும்பையில் பதிவு செய்த இந்தித் திரையிசை நிகழ்ச்சி கொழும்புக்குப் போய், அங்கிருந்து இந்தியா முழுவதும் ஒலித்தது. நெல்லை மாவட்டத்துச் சிற்றூரில் வளர்ந்த எனக்கும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான் வானொலி என்றால் என்ன என்று காட்டியது. நேயர்களின் பெயரையும் ஊரையும் நிறுத்தி வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். எங்கள் ஊர்ப் பெயர் வந்த அன்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. இழந்த நேயர்களை மீட்க 1957 அக்டோபரில் ஆகாசவாணி தொடங்கிய விவித் பாரதி, அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றது. படைவீரர்களுக்கு 'ஜெய்மாலா', பெண்களுக்கு 'சகி சஹேலி' என்று நாளின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு சாராருக்கென்று அது ஒதுக்கிவைத்தது.

தனியார் பண்பலைகள் இந்நகரில் 2002இல் தொடங்கிய நாள்முதல் வேறு வழியில் செல்கின்றன. அவை நாளைப் பிரித்துக் கொடுப்பதில்லை. விளம்பரதாரர் விரும்பும் இளைஞர் ஒருவரை மனத்தில் வைத்து, நாள் முழுவதையும் அவருக்கே தருகின்றன. ஆங்கிலப் பாட்டுக்கு நேயர் உண்டு என்று கருதி ரேடியோ ஒன் 2013இல் மும்பையில் முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறியது. அதை நான் குறை சொல்லமாட்டேன். உரிமக் கட்டணம் செலுத்தி நடத்துகிறவர்கள் வருவாயைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மக்கள் பணத்தில் நடக்கும் ஆகாசவாணிக்கு அந்த நெருக்கடி இல்லை. மும்பை நிலையம் மராத்தியோடு குஜராத்தி, சிந்தி, கொங்கணி நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பி வந்திருக்கிறது. அந்த முன்மாதிரி இருக்க, தலைமுறைகளாக இந்நகரில் உழைத்துவரும் தமிழருக்கு மட்டும் பண்பலையில் இடமில்லாமல் போனது எனக்குப் பெரும் மனக்குறை. நானறிந்தவரை இந்நகரின் எந்தப் பண்பலையிலும் தமிழ் நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டதில்லை.

கைப்பேசிச் செயலியில் சென்னை வானொலியைக் கேட்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். நானும் கேட்கிறேன். ஆனால் சென்னையின் மழையும் சென்னையின் போக்குவரத்தும் அறிந்து, குர்லாவில் தண்டவாளம் நீரில் மூழ்கியதா என்று அறியாமல் வேலைக்குக் கிளம்பும் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? எண்பது வயதைக் கடந்த என் தாயார், திருகினால் பாடும் பெட்டியை மட்டுமே நம்புகிறார். தொடுதிரை அவருக்குப் பிடிபடவில்லை.

ஆகாசவாணியின் மும்பைப் பண்பலைகளில் ஒன்று, காலை ஆறு மணிமுதல் ஆறரை மணிவரை தமிழுக்கு ஒதுக்கலாம்: உள்ளூர்ச் செய்தி, மழை, ரயில் நிலவரம், நேயர் பெயரோடு நாலைந்து பாட்டு. இந்நகரின் தமிழ் அமைப்புகள் இக்கோரிக்கையை எழுத்தில் கொடுக்க முன்வந்தால், வீடுவீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டித் தர நானும் என் பழைய மாணவர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சயான், மும்பை.